எத்தனால் கலந்த பெட்ரோலும் மைலேஜும்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

நாடெங்கும் பெட்ரோல் பங்க்குகளில் 20 சதவீத எத்தனால் கலந்த ஈ20 பெட்ரோலே வழக்கமான பெட்ரோலாகிவிட்ட பிறகு, இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை மைலேஜைப் பற்றியே கேட்கின்றன. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, இந்த இதழை முழுவதும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: என்னிடம் 2017-இல் வாங்கிய 110 சிசி ஸ்கூட்டர் இருக்கிறது. முன்பு லிட்டருக்கு 48 கிலோமீட்டர் ஓடியது. இப்போது 38-ஐத் தாண்டுவதில்லை. மெக்கானிக்கிடம் கேட்டால், “எல்லாம் எத்தனால் செய்கிற வேலை சார், ஒன்றும் செய்ய முடியாது” என்கிறார். அவர் சொல்வது சரிதானா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: அவர் சொல்வதில் ஒரு சிறு பகுதி உண்மை. மீதியை நம்பிச் சும்மா இருந்துவிட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

ஒரு லிட்டர் பெட்ரோலை எரித்தால் ஏறத்தாழ 32 மெகாஜூல் வெப்பம் கிடைக்கிறது. ஒரு லிட்டர் எத்தனாலில் கிடைப்பது 21 மெகாஜூலைச் சற்றே தாண்டும். அதாவது பெட்ரோலில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்கு. எத்தனாலின் எடையில் சுமார் 35 சதவீதம் ஆக்ஸிஜன் என்பதும், ஆக்ஸிஜன் எரிவதற்குத் துணைபுரியுமே தவிர அதுவே எரிபொருளாகாது என்பதும்தான் இதற்குக் காரணம். இந்தக் கணக்கின்படி, 10 சதவீத எத்தனால் கலந்த ஒரு லிட்டரில் சுத்தமான பெட்ரோலைவிட 3.4 சதவீத ஆற்றலும், 20 சதவீதம் கலந்த லிட்டரில் 7 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவான ஆற்றலும் குறைகின்றன.

உங்கள் ஸ்கூட்டர் ஈ20 வரும்வரை சுத்தமான பெட்ரோலில் ஓடிக்கொண்டிருக்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். 2022 ஜூன் மாதத்திலேயே நாட்டின் சராசரிக் கலப்பு 10 சதவீதத்தை எட்டிவிட்டது. ஆகவே அண்மையில் நடந்த மாற்றம் 10-இலிருந்து 20-க்கு என்பதுதான். அந்த ஒரு படிக்கு உரிய ஆற்றல் குறைவு மூன்றரை சதவீதம். 48 கிலோமீட்டர் என்பது ஈ10 காலத்துக் கணக்கானால், இன்று அது 46-ஐ ஒட்டி இருக்க வேண்டும். சுத்தமான பெட்ரோல் காலத்துக் கணக்கானாலும் 45-ஐ ஒட்டித்தான் வர வேண்டும். நீங்கள் சொல்லும் 38 என்பது 21 சதவீத வீழ்ச்சி. அதில் பெரும்பகுதிக்கு எத்தனால் பொறுப்பாக முடியாது.

வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, பின் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். இரண்டு மூன்று சுற்றுகூட ஓடாமல் உரசி நின்றால் பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறது என்று பொருள். முன் சக்கரத்தையும் அவ்வாறே பார்க்க வேண்டும். டயர் காற்றழுத்தம், ஏர் ஃபில்டரில் அடைந்த தூசி, தேய்ந்துபோன டிரைவ் பெல்ட், அதன் உருளைகள் ஆகியவற்றை அடுத்துப் பார்க்கலாம். கார்புரேட்டர் உள்ள ஸ்கூட்டர்களில் பலவற்றில், குளிர்ந்த எஞ்சினுக்குக் கூடுதல் பெட்ரோல் விடும் ஆட்டோ சோக் உண்டு. எஞ்சின் சூடான பிறகும் அது மூடாமல் நின்றுவிட்டால் பெட்ரோல் தாராளமாகச் செலவாகும், ஆனால் ஓட்டுபவருக்கு வேறெந்த அறிகுறியும் தெரியாமல்கூடப் போகலாம். எத்தனாலுக்கு மறைமுகமான ஒரு பங்கும் இருக்கக்கூடும். அது நல்ல கரைப்பான்; பழைய டேங்கின் உட்சுவரில் ஒட்டியிருந்த பிசினையும் அழுக்கையும் இளக்கி கார்புரேட்டருக்குள் கொண்டுவந்து சேர்க்கும். ஆகவே ஒருமுறை கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். எத்தனாலைக் காட்டி வேலையை முடித்துக்கொள்ளும் மெக்கானிக்கிடம், இவை ஒவ்வொன்றையும் பார்த்தாயிற்றா என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

கேள்வி: ஓரிடத்தில் 1 முதல் 2 சதவீதம்தான் குறையும் என்கிறார்கள், வேறிடத்தில் 6 முதல் 7 என்கிறார்கள், வாட்ஸ்ஆப்பில் 20, 30 என்று வருகிறது. எதைத்தான் நம்புவது?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: முதல் இரண்டும் ஒரே அறிக்கையிலேயே இருப்பவை, இரண்டும் வெவ்வேறு வகை வண்டிகளைப் பற்றியவை. 2021 ஜூன் மாதம் நிதி ஆயோக் வெளியிட்ட எத்தனால் கலப்புத் திட்ட வரைவில், சுத்தமான பெட்ரோலுக்காக வடிவமைத்து ஈ10-க்குச் சீர்செய்யப்பட்ட நான்கு சக்கர வாகனங்கள் ஈ20-இல் 6 முதல் 7 சதவீதமும், அதே வகை இருசக்கர வாகனங்கள் 3 முதல் 4 சதவீதமும் மைலேஜ் இழக்கும் என்றும், ஈ10-க்காக வடிவமைத்து ஈ20-க்குச் சீர்செய்யப்பட்ட நான்கு சக்கர வாகனங்களில் இழப்பு 1 முதல் 2 சதவீதமாக இருக்கும் என்றும் கூறப்பட்டிருந்தது. 2025 ஆகஸ்ட் மாதம் பெட்ரோலிய அமைச்சகம் தந்த விளக்கத்திலும் 1 முதல் 2 சதவீதம் என்பது இந்தக் கடைசி வகைக்கு மட்டுமே உரியது. மற்றவற்றுக்கு 3 முதல் 6 சதவீதம் என்று அதே விளக்கம் சொல்கிறது. இதற்கும் முன்னால், 2014-15-இல் வாகன ஆராய்ச்சி நிறுவனமான ஏ.ஆர்.ஏ.ஐ., டேராடூனில் உள்ள இந்திய பெட்ரோலிய நிறுவனம், இந்தியன் ஆயில் ஆய்வுப் பிரிவு ஆகிய மூன்றும் சேர்ந்து ஈ20-ஐச் சோதித்தபோதும், வண்டியின் வகையைப் பொறுத்து இழப்பு 6 சதவீதம் வரை போனது.

எனவே எந்த எண்ணைக் கேட்டாலும், எந்த வண்டி, எந்தப் பெட்ரோலோடு ஒப்பிட்டு என்ற இரண்டையும் சேர்த்தே கேட்க வேண்டும். பாகங்கள் ஈ20-ஐத் தாங்கும்படி செய்யப்பட்ட வண்டிகள் 2023 ஏப்ரல் முதல்தான் வரத் தொடங்கின. எஞ்சினே ஈ20-க்கு ஏற்பச் சீர்செய்யப்பட்டவை 2025 ஏப்ரல் முதல். அதற்கு முன் வாங்கிய வண்டிகளே இன்று சாலையில் மிகுதி. அப்படியிருக்க, மிகச் சிறந்த நிலைமைக்கு உரிய 1 முதல் 2 சதவீதத்தை எல்லோருக்கும் பொதுவானதுபோல் எடுத்துச் சொல்வது வண்டி வைத்திருப்போருக்கு நியாயம் செய்வதாகாது. 20, 30 சதவீதக் கணக்குகளோ ஆற்றல் கணக்கின் எல்லைக்கே வெளியே நிற்பவை. அவ்வளவு குறைந்திருந்தால், கும்பகோணம் வாசகருக்குச் சொன்ன பதில்தான் அங்கும் பொருந்தும்.

கேள்வி: கார்புரேட்டர் வண்டியில் ஒரு மாதிரியும் இன்ஜெக்‌ஷன் வண்டியில் வேறு மாதிரியும் பாதிப்பு இருக்கும் என்கிறார்களே, ஏன்?
– வாசகர், ஈரோடு

பதில்: ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். ஈ20-க்கு இந்த அளவு சுமார் 13.5 ஆக இறங்குகிறது. அதாவது, அதே அளவு காற்றுக்குச் சற்று அதிக எரிபொருள் தேவை.

இன்ஜெக்‌ஷன் வண்டியில் சைலன்சர் குழாயில் உள்ள ஆக்ஸிஜன் சென்சார், எரிந்து வெளியேறும் புகையில் ஆக்ஸிஜன் மிச்சம் இருக்கிறதா என்று ஓயாமல் பார்த்துச் சொல்கிறது. மிச்சம் இருந்தால், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ, பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரைக் கொஞ்சம் கூடுதல் நேரம் திறந்து வைக்கும். டேங்கில் இருப்பது எத்தனால் என்று அதற்குத் தெரியாது. கலவை மெலிந்துவிட்டது, அதாவது காற்றுக்குப் போதுமான எரிபொருள் இல்லை என்பது மட்டுமே தெரியும், திருத்தம் செய்ய அதுவே போதும். ஸ்கேனர் வைத்திருக்கும் பட்டறையில் லாங் டெர்ம் ஃப்யூயல் ட்ரிம் என்ற அளவைக் காட்டச் சொன்னால், இந்தத் திருத்தம் எத்தனை சதவீதம் என்று கண்ணாலேயே பார்க்கலாம். ஈ10-க்குச் சீர்செய்த காரில் நான்கைந்து சதவீதம் கூடுதலாகக் காட்டினால் அது எத்தனாலுக்கு உரிய இயல்பான அளவு. 15, 20 என்று காட்டினால், எங்கோ காற்றுக் கசிவு இருக்கலாம், ஃப்யூயல் பம்ப் அழுத்தம் குறைந்திருக்கலாம், அல்லது சென்சார் பழுதாகியிருக்கலாம். பழுது இல்லாத இன்ஜெக்‌ஷன் வண்டியில் ஈ20-ஆல் இழுவை குறையாது. பெட்ரோல் மட்டும் சற்றுக் கூடுதலாகச் செலவாகும். ஈ20-க்கு “பழக்க” வேண்டும் என்று சொல்லி பேட்டரி வயரைக் கழற்றி மாட்டுவது தேவையில்லாத வேலை. சில நாள் ஓட்டத்தில் ஈசியூ தானாகவே கற்றுக்கொள்ளும்.

கார்புரேட்டருக்கு இந்தக் கண் இல்லை. ஜெட்டின் துளை எவ்வளவோ அவ்வளவுதான் பெட்ரோல் வரும். ஆகவே ஈ20 ஊற்றினால் கலவை மெலிகிறது. அதன் விளைவு எல்லா வண்டியிலும் ஒன்றுபோல் இருப்பதில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. முன்பே பெட்ரோல் அதிகமாகப் போகும்படி திருகி வைத்திருந்த வண்டியில், வீணாகிக்கொண்டிருந்த பெட்ரோல் மிச்சமாவதால், மைலேஜ் இழப்பு ஆற்றல் கணக்கைவிடக் குறைவாகவே இருக்கக்கூடும். மைலேஜுக்காக ஏற்கெனவே பெட்ரோலைக் குறைத்து வைத்த வண்டியிலோ கலவை மேலும் மெலிந்து, காலையில் ஸ்டார்ட் ஆவதில் சிரமம், ஆக்ஸிலேட்டரைத் திருகியதும் ஒரு தயக்கம், எஞ்சின் சூடு என்று தொல்லைகள் வரும். ஓட்டுபவர் சோக்கை அதிக நேரம் இழுத்து வைப்பார், ஆக்ஸிலேட்டரை அதிகம் திருகுவார். அதில்தான் மைலேஜ் மேலும் போகிறது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்: முனை இளம் பழுப்பாக இருந்தால் கலவை சரி, வெள்ளையாக வெளிறிக் கிடந்தால் மெலிந்துவிட்டது. ஐடிலிங் கலவைத் திருகை நல்ல மெக்கானிக் ஒருவர், பெட்ரோல் சற்றே கூடும்படி திருகி வைத்தால் குறைந்த வேகத்தில் உள்ள தொல்லைகள் தீரும். ஜெட் துளையைக் கம்பி விட்டுப் பெரிதாக்கும் வேலையை மட்டும் அனுமதிக்காதீர்கள். ஒருமுறை பெரிதான துளையைத் திரும்பச் சிறிதாக்க முடியாது.

கேள்வி: ஈ20-இல் ஆக்டேன் எண் அதிகம் என்று விளம்பரம் செய்கிறார்களே! அப்படியானால் மைலேஜ் கூட அல்லவா வேண்டும்?
– கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

பதில்: ஆக்டேன் எண்ணுக்கும் எரிபொருளில் உள்ள ஆற்றலுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. அழுத்தத்தில் தானாகவே வெடித்து நாக்கிங் ஏற்படாமல் எவ்வளவு தூரம் தாங்கும் என்பதைத்தான் அந்த எண் காட்டுகிறது. நம் நாட்டுச் சாதாரண பெட்ரோலுக்கு 91 என்றிருந்த தர அளவு ஈ20-க்கு 95 ஆக உயர்ந்தது உண்மை. எத்தனால் ஆவியாகும்போது பெட்ரோலைவிட இரண்டு மடங்குக்கு மேல் வெப்பத்தை உறிஞ்சி, உள்ளே போகும் கலவையைக் குளிர்விப்பதும் நாக்கிங்கைத் தடுக்க உதவுகிறது.

ஆனால் இந்தத் தாங்கும் சக்தியைப் பயன்படுத்திக்கொள்ளும் எஞ்சினுக்குத்தான் அதனால் பலன். சிலிண்டருக்குள் கலவை எவ்வளவு அமுக்கப்படுகிறது என்பதைக் காட்டும் அமுக்க விகிதத்தை உயர்த்தி வடிவமைத்தாலோ, தீப்பொறி விழும் நேரத்தை முன்னே தள்ளினாலோ, அதே வெப்பத்திலிருந்து கூடுதல் வேலை கிடைக்கும். ஆற்றலில் இழந்ததில் ஒரு பகுதி அப்படித் திரும்புகிறது. புதிய கார்களுக்கு 1 முதல் 2 சதவீத இழப்பு மட்டும் என்று சொல்லப்படுவதன் அடிப்படை இதுவே. நாக்கிங்கை உணர்ந்து தீப்பொறி நேரத்தை மாற்ற உதவும் நாக் சென்சார் உள்ள பழைய காரும், மேடு ஏறும்போதும் பாரம் இழுக்கும்போதும் இதைச் சிறிது பயன்படுத்திக்கொள்ளும். நாக் சென்சார் இல்லாத, 91 ஆக்டேனுக்காக வடிவமைத்த 100 சிசி பைக்குக்கு 95 கொடுத்தாலும் அதற்கு அது ஒன்றும் செய்யாது. அங்கே மிஞ்சுவது ஆற்றல் குறைவு மட்டும்தான்.

கேள்வி: வீட்டிலேயே சரியாக மைலேஜ் பார்ப்பது எப்படி? ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு கணக்கு வருகிறது.
– வாசகர், திருநெல்வேலி

பதில்: நாம் தேடுவது மூன்று முதல் ஏழு சதவீத வித்தியாசம். நாம் அளக்கும் முறையிலேயே அதைவிடப் பெரிய பிழை இருந்தால் விடை கிடைக்காது. பிரச்சினை முழுவதும் இதில்தான் இருக்கிறது.

ஐந்து லிட்டர் டேங்க் உள்ள ஸ்கூட்டரில் நாலரை லிட்டர் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருமுறை பங்க்கில் கழுத்துவரை ஊற்றி, அடுத்த முறை சற்றுக் கீழே நிறுத்திவிட்டால் 200 மில்லி வித்தியாசம் எளிதில் வந்துவிடும். அதுவே நாலரை சதவீதம். ஈ10-இலிருந்து ஈ20-க்கு மாறியதன் முழு இழப்பையும் அந்த ஒரு கவனக்குறைவு மறைத்துவிடும், அல்லது இரட்டிப்பாக்கிக் காட்டிவிடும். ஆகவே ஒரே பங்க்கில், முடிந்தால் பெட்ரோல் ஊற்றும் ஒரே நாசிலில், அது தானாக நிற்கும் இடத்தோடு நிறுத்தி நிரப்புங்கள். ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். ஒரு டேங்க்கோடு கணக்குப் பார்க்காமல், தொடர்ந்து நான்கைந்து டேங்க் ஓடிய மொத்தக் கிலோமீட்டரை, ஊற்றிய மொத்த லிட்டரால் வகுத்துப் பாருங்கள். அப்போது முதலிலும் கடைசியிலும் நேரும் நிரப்புப் பிழை, மொத்தத்தில் ஏறத்தாழ ஒரு சதவீதமாக இறங்கிவிடும்.

காரின் டேஷ்போர்டு காட்டும் மைலேஜை மட்டும் நம்ப வேண்டாம். அது இன்ஜெக்டர் திறந்திருந்த நேரத்தைக் கொண்டு ஈசியூ போடும் கணக்கு. கோடையில் ஏ.சி. போட்டு ஓடிய மாதத்தை மார்கழி மாதத்தோடு ஒப்பிடுவதும், நெடுஞ்சாலைப் பயணத்தை ஊருக்குள் ஓட்டியதோடு ஒப்பிடுவதும் எத்தனாலைப் பற்றி எதுவும் சொல்லாது.

கேள்வி: ஆற்றல் குறைந்த பெட்ரோலுக்கு அதே விலை கொடுப்பது என்ன நியாயம்?
– கால் டாக்ஸி ஓட்டுநர், சென்னை

பதில்: உங்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. நாம் லிட்டர் கணக்கில் பணம் கொடுக்கிறோம். வண்டி ஆற்றல் கணக்கில் ஓடுகிறது. நிதி ஆயோக் 2021-இல் தந்த அதே அறிக்கையில், குறையும் ஆற்றலை ஈடுசெய்யும் வகையில் எத்தனால் கலந்த பெட்ரோலின் சில்லறை விலை சாதாரண பெட்ரோலைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்று பரிந்துரைக்கப்பட்டிருந்தது. அது நடக்கவில்லை. அந்த அறிக்கை எழுதப்பட்ட காலத்தில் எத்தனால் மலிவாக இருந்தது, பிறகு விலை ஏறிவிட்டது என்பது அமைச்சகத்தின் 2025 ஆகஸ்ட் பதில். மக்காச்சோளத்திலிருந்து எடுக்கும் எத்தனாலின் கொள்முதல் விலை 2021-22-இல் லிட்டருக்கு 52.92 ரூபாயாக இருந்து 2024-25-இல் 71.86 ரூபாயாக உயர்ந்தது. போக்குவரத்துச் செலவும் ஜிஎஸ்டியும் சேர்ந்த சராசரிக் கொள்முதல் விலை 2025 ஜூலை இறுதியில் 71.32 ரூபாய். சுத்திகரிப்பு ஆலையில் பெட்ரோலின் அடக்க விலையைவிட இது அதிகம் என்று அப்போது சொன்னார்கள்.

விலை ஏன் குறையவில்லை என்பதற்கு இது விளக்கம்தான். வாங்குபவரின் இழப்பை அது ஈடுகட்டிவிடவில்லை. அந்த இழப்பு எல்லோருக்கும் ஒரே அளவில் விழுவதுமில்லை. மாதம் 900 கிலோமீட்டர் ஓடும், லிட்டருக்கு 50 கொடுக்கும் பைக்குக்கு மாதம் 18 லிட்டர் ஆகும். மூன்றரை சதவீத இழப்பு என்றால் முக்கால் லிட்டருக்கும் குறைவு, அறுபது எழுபது ரூபாயோடு போய்விடும். நீங்கள் நாளொன்றுக்கு 150 கிலோமீட்டர் வீதம் மாதம் 26 நாள், லிட்டருக்கு 15 கொடுக்கும் பழைய பெட்ரோல் காரை ஓட்டுகிறீர்கள் என்றால் மாதம் 260 லிட்டர். 6 சதவீதம் மைலேஜ் குறைந்தால் அது 276-ஐத் தாண்டும்; லிட்டர் 100 ரூபாய் என்றாலும் மாதம் 1,600 ரூபாய்க்கு மேல் போகிறது. வருமானத்துக்காகவே வண்டி ஓட்டுபவர்மீது இந்தச் சுமை மிகுதியாக இறங்குகிறது என்பதைக் கொள்கை வகுப்போர் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதற்கு முன், குறைந்தபட்சம் ஒவ்வொரு பம்பிலும் எத்தனை சதவீத எத்தனால் என்பது கண்ணில் படும்படி எழுதப்பட வேண்டும். அமெரிக்காவில் 15 சதவீதம் கலந்த ஈ15 பெட்ரோலை விற்கும் பம்பில் அதற்குரிய எச்சரிக்கை ஸ்டிக்கர் ஒட்டுவது கட்டாயம்.

கேள்வி: எத்தனால் இல்லாத 100 ஆக்டேன் பெட்ரோல் சில பங்க்குகளில் கிடைக்கிறதாம். மைலேஜுக்காக அதற்கு மாறலாமா?
– வாசகர், சேலம்

பதில்: மைலேஜுக்காக என்றால் வேண்டாம். அதன் விலை லிட்டருக்கு 150 ரூபாய்க்கு மேல். திரும்பக் கிடைக்கக்கூடிய ஆற்றலோ அதிகபட்சம் 7 சதவீதம். ஏழு ரூபாய் லாபத்துக்கு ஐம்பது ரூபாய் செலவழிப்பதில் பொருளில்லை. 95 ஆக்டேன் என்று விற்கப்படும் பிரீமியம் பெட்ரோலும் எத்தனால் இல்லாதது என்று நினைத்துவிட வேண்டாம்; கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

கேள்வி: பிரேசிலில் பல ஆண்டுகளாக இதைவிட அதிகமாகக் கலக்கிறார்களே, அங்கே மைலேஜ் குறையவில்லையா?
– வாசகர், புதுச்சேரி

பதில்: அங்கும் குறைகிறது, இயற்பியல் எல்லா நாட்டுக்கும் ஒன்றுதான். 2015 முதல் 27 சதவீதமும் 2025 ஆகஸ்ட் 1 முதல் 30 சதவீதமும் அங்கே கலக்கிறார்கள். 2003 முதல் அங்கு விற்கப்படும் ஃப்ளெக்ஸ் ஃப்யூயல் கார்கள் எந்தக் கலவையிலும் ஓடும். பங்க்கில் கலப்புப் பெட்ரோலும் எத்தனால் மட்டுமேயான எரிபொருளும் பக்கத்தில் பக்கத்தில் கிடைப்பதால், எத்தனாலின் விலை பெட்ரோலின் விலையில் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் எத்தனால், இல்லாவிட்டால் பெட்ரோல் என்று ஓட்டுநர்கள் மனக்கணக்குப் போட்டு ஊற்றிக்கொள்கிறார்கள். மைலேஜ் இழப்பு அங்கே விலைப் பலகையிலேயே தெரிகிறது.

கேள்வி: எத்தனால் தண்ணீரை இழுக்கும் என்கிறார்கள். மழைக்காலத்தில் மைலேஜ் குறைவதற்கு அதுதான் காரணமா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: இல்லை. எத்தனால் ஈரத்தை இழுப்பது உண்மை. அந்த ஈரம் ஓரளவுக்குள் இருக்கும்வரை பெட்ரோலோடு கலந்தே எரிந்துவிடும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து தனியாகப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். அப்போது வண்டி இழுத்து இழுத்து நிற்கும், அல்லது ஸ்டார்ட்டே ஆகாது. மைலேஜ் சிறிது சிறிதாகக் குறைவது அதன் அறிகுறி ஆகாது. மழைக்காலத்தில் நெரிசலும், தண்ணீர் தேங்கிய சாலையும், ஈரத்தில் பிடித்துக்கொள்ளும் பிரேக்குமே மைலேஜைக் குறைக்கின்றன. தினமும் ஓடும் வண்டிக்கு இந்தப் பயம் வேண்டாம். மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கப் போகிறீர்கள் என்றால், டேங்கில் காற்றுக்கு அதிக இடமில்லாதபடி நிரப்பி, மூடியின் ரப்பர் வாஷர் நன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். கார்புரேட்டர் வண்டியானால் அதன் கிண்ணத்தில் உள்ள பெட்ரோலை வடித்துவிட்டு நிறுத்துங்கள்.